ஞானாம்பாளின் அம்பு ஸ்டிக்கர்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிள் மேல் எப்போதும் ஒரு தாள் கிடக்கும். அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். டீ-சர்ட்டில் ஓட்டையோ, விட்டுப்போன தையலோ, எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால், செக்கிங் பெண்கள் ஓர் அம்பை உரித்து அந்த இடத்தைக் காட்டி ஒட்டிவிடுவார்கள். குறையில்லாத பீஸ் பாஸ். குறையைச் சரிசெய்ய முடியுமென்றால் ஆல்டர். முடியாதென்றால் ரிஜெக்ட். உலகத்தில் உள்ள சகலமும் இந்த மூன்று குவியலுக்குள் அடங்கிவிடும் என்பது செக்கிங் சூப்பர்வைசர் ஞானாம்பாளின் தீர்மானம்.

பதினாறு வயதில் சேவூரிலிருந்து பஸ் ஏறி வந்து கைமடியாக வேலைக்குச் சேர்ந்தவள் அவள். தையல்காரர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்ததை வாங்கி மடித்து வைப்பதும்தான் கைமடியின் வேலை. ஞானாம்பாள் மடிப்பதற்கு முன்னால் பார்ப்பாள். பார்த்தால் சும்மா இருக்க மாட்டாள். "அண்ணா, இங்கெ ஒரு தையல் தாண்டிருச்சுங்க" என்று நாளெல்லாம் காதருகே ஓதிக்கொண்டிருந்தால் எந்த மனுஷனால் தாங்க முடியும்? ஒரே மாதத்தில் அந்தத் தையல்காரர் முதலாளியிடம் போய்க் கைகூப்பி நின்றார். "ஒண்ணு இந்தப் புள்ளைய வேற எங்கயாச்சும் போடுங்க, இல்லீன்னா என்ற கணக்க முடிச்சு விடுங்க." முதலாளி விவரமான ஆள். அவளைச் செக்கிங்கில் போட்டார். பாம்புக்குப் பால் வார்த்ததாக மற்ற தையல்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அம்பு கையில் வந்தபிறகு அவள் கம்பெனிப் பீஸோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மேனேஜர் சட்டையில் பித்தான் மாறிப்போட்டு வந்தால் அவர் முதுகில் ஓர் அம்பு ஏறியிருக்கும். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் எழுத்துப் பிழை இருந்தது. அம்பு ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். அவளைப் பெண் பார்க்க வந்த நாச்சிமுத்துவிடம் அவள் பேசிய முதல் வார்த்தையே, காப்பித் தட்டை நீட்டியபடி, "காலர்ல தையல் விட்டிருக்குதுங்க" என்பதுதான். அத்தனை பேர் மத்தியில் தன் காலரைக் கவனித்த ஒருத்தி கிடைத்தாளே என்று அந்த அப்பாவி மனுஷன் பூரித்துப்போய்த் தலையாட்டிவிட்டார். விதி வலியது.

கல்யாணத்துக்குப் பிறகு நாச்சிமுத்து அதே கம்பெனிக்கு, பீஸ் தேய்க்கிற அயர்ன் மாஸ்டராக வந்து சேர்ந்தார். அவள் டேபிளுக்கு நேர் எதிரே நீராவிப் பெட்டியோடு நிற்பார். அவர் தேய்த்து வைக்கிற பீஸை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். கையில் குறை கிடைத்தால் வாய் திறப்பாள், கிடைக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் ஒரே ஒருமுறை அவள் வாயால் 'பாஸ்' என்று கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டில் துவையல் அரைத்துக் கொடுத்துக்கூடப் பார்த்துவிட்டார், நடக்கவில்லை.

குறை செய்தவர்களை அவள் திட்டுவாள், பிறகு மறந்துவிடுவாள். குறையை மறைத்தவர்களை மட்டும் மன்னித்ததில்லை. ஓட்டையை மடிப்புக்குள் தள்ளிப் பேக்கிங் பெட்டிக்கு அனுப்பிய ஒரு செக்கரை அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறாள். "குறை வாரது சகஜம். மறைச்சா அது துரோகம்" என்பாள்.

இப்படிப்பட்டவள் தன் மேல் மட்டும் ஓர் அம்பும் ஒட்டிக்கொண்டதில்லை. இடுப்பு பெருத்துப் போனதற்கு, "எங்கூட்டுல எல்லாத்துக்கும் எலும்பு பெருசு" என்றாள். பல் விளக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வந்தால் பிரஷ் கம்பெனிக்காரன் அயோக்கியன். சிவன்மலை முருகனைப் பார்க்கப் படியேறும்போது பாதியில் மூச்சு வாங்கி நின்றாள். நின்ற இடத்திலேயே படியை முறைத்துப் பார்த்து, "படிய ஒரு அளவா கட்டத் தெரியல பாருங்க மாமா, ஒண்ணு ஏத்தம் ஒண்ணு எறக்கம்" என்றாள். தினமும் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி வீடு வந்து மிச்சம் மீதியைச் சோற்றோடு பிசைந்து தின்றுவிட்டுப் படுக்கை, நடுவில் டீக்கடைப் பையன் கொண்டு வருகிற சர்க்கரைப் பாகு மாதிரியான டீ, கூடவே பன். யாராவது அக்கறையாக, "அக்கா, ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு ஒரு பன் கூடுதலாகத் தின்பாள். பிறர் குறையைச் சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் குறையைக் கேட்கத் தெரியாது.

போன வருஷம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவரின் ஆடிட்டுக்காகக் கம்பெனியில் மருத்துவ முகாம் வைத்தார்கள். வந்தவர் டாக்டர் ஜெபக்குமார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை சுற்றி, ரத்தக்குழாய்க்கு எத்தனை வயசு என்று சொல்லும் ஒரு மெஷினையும் கூடக் கொண்டு வந்திருந்தார். முதல் வாரம் ரத்தம் எடுத்தார்கள், அடுத்த வாரம் மெஷினில் படுக்க வைத்தார்கள். நாச்சிமுத்துவுக்கு வயசு ஐம்பத்திநாலு, குழாய்க்கும் ஏறக்குறைய அதே. ஞானாம்பாள் படுத்தாள், எழுந்தாள். டாக்டர் வாய் திறப்பதற்குள், "ஷிப்மென்ட் நிக்குதுங்க, என்னன்னு இவுரு கிட்டச் சொல்லிப்போடுங்க. அப்பறம் உங்க கோட்டுப் பாக்கெட்டுல நூல் தொங்குதுங்க, கத்திரிச்சு உடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

டாக்டர் நூலைப் பார்த்தார், பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தார். "அண்ணாச்சி, அம்மாவுக்கு வயசு நாப்பத்தொம்பது. குழாய்க்கு அறுபத்தஞ்சுக்கு மேல காட்டுது. சுகர் எல்லைக்கோட்டுல நிக்கி. ரத்தத்துல கொழுப்பு கூடுதல். உள்ள அழற்சியும் இருக்கு."

"அழற்சின்னா என்னங்க? எங்கயும் வீங்கலீங்களே."

"வெளிய தெரியாது அண்ணாச்சி. வயித்தச் சுத்தி இருக்க கொழுப்பு, ஏறி எறங்குத சர்க்கரை, புண்ணா கெடக்க ஈறு, ஒறக்கம் பத்தாதது, எல்லாஞ் சேந்து உள்ளுக்குள்ள ஒரு சூட்டக் கெளப்பிட்டே இருக்கும். சின்னச் சூடுதான். ஆனா அணையாத சூடு. அதுலயே கெடந்து கெடந்து ரத்தக்குழாய் சீக்கிரமா மூப்படஞ்சு போவும்."

சூடு நாச்சிமுத்துவுக்குத் தெரிந்த விஷயம். பனியனின் கழுத்துப் பட்டையான ரிப்பில் லைக்ரா என்கிற இழுவை நூல் ஓடும். பெட்டியைச் சற்று அதிகநேரம் வைத்துவிட்டால் போதும், பார்க்கப் புதிதாகவே இருக்கும், இழுத்துவிட்டால் திரும்பி வராது. "கழுத்து ரிப்புல லைக்ரா வெந்து போற மாதிரிங்களா?" என்று கேட்டார். டாக்டருக்கு லைக்ரா புரியவில்லை. நாச்சிமுத்து தன் பனியன் கழுத்தையே இழுத்துக் காட்டி விளக்கினார்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஒங்க ரிப்பு தொளதொளன்னு ஆயிரும், குழாய் வெறச்சுப் போவும். ரெண்டுமே இழுத்தா பழையபடி வராது. இருதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் வெறச்ச குழாயோட மல்லுக்கட்டணும்" என்றார் டாக்டர். "இப்பவே மாத்திரை வேண்டாம். சாப்பாடு, நடை, ஒறக்கம், பல் வைத்தியம். ஆறு மாசம் பாப்போம். அம்மாகிட்ட நீங்க கட்டாயம் சொல்லிரணும், என்ன?"

"சொல்லிடறனுங்க" என்றார் நாச்சிமுத்து. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

அன்று இரவு சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள். "டாக்டரு என்னுங்க சொன்னாரு?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். எதிரே அவள் தட்டில் மலை மாதிரிச் சோறு. உனக்குத்தான் என்று சொன்னால் அந்த மெஷின் டூப்ளிகேட் என்பாள், டாக்டருக்கு நூல் கத்திரிக்கவே தெரியவில்லை என்பாள், நாளை முதல் இரண்டு பன்னாகத் தின்பாள். இவள் போய்ச் சேர்ந்தால் தன் சட்டையில் தையல் விட்டதை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தார். அந்த நினைப்பில் நாக்கு புரண்டுவிட்டது.

"எனக்குத்தான் புள்ள. ரத்தக்கொழாய் கெழடு தட்டிருச்சாம். உனக்கு ஒண்ணுமில்ல, ஜம்முனு இருக்கறயாமா."

ஞானாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அது பீஸைப் பார்க்கிற பார்வை. "எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றாள். பிறகு அவர் தட்டிலிருந்து பாதிச் சோற்றை அள்ளிச் சட்டியில் போட்டாள். சற்று யோசித்து, தன் தட்டிலிருந்தும் அள்ளிப் போட்டாள். "நான் தின்னா நீங்க எச்சில் ஊறிப் பாத்துட்டு உக்காருவீங்க. ஒரே அடுப்புல ரெண்டு சமையல் என்னால ஆகாது."

நாச்சிமுத்து குனிந்து கொண்டார். சிரிப்பு வந்தது, பசியும் வந்தது.

மறுநாளிலிருந்து கொள்ளு ரசமும் கம்பஞ்சோறும் கீரையும் முட்டையும் ஆட்சிக்கு வந்தன. சர்க்கரை டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. கம்பெனியில் டீ வந்தால், எதிர் டேபிளில் இருக்கிற நோயாளி ஏங்கிவிடக் கூடாதென்று அவளும் சர்க்கரையில்லாமல் குடித்தாள். விடிவதற்குள் அவரை எழுப்பி நடக்கக் கூட்டிப் போனாள். தனியாக விட்டால் முதல் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிடுவார் என்று அவளுக்குச் சந்தேகம். கல்யாணம் ஆனதிலிருந்து வண்டியில் முன்னும் பின்னுமாகப் போனவர்கள், முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். அவள் வழியெல்லாம் ஊருக்குக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். சாக்கடை மூடி, கரண்ட் கம்பம், எதிரே வருகிறவன் பேண்ட் உயரம். நாச்சிமுத்துவுக்கு அது கேட்க நன்றாகவே இருந்தது.

அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவதுதான் கஷ்டமாக இருந்தது. நாச்சிமுத்து அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். "எனக்குப் பயமா இருக்குது புள்ள. நீ மொதல்ல உக்காந்து வலிக்குதான்னு பாத்துச் சொல்லு, அப்பறம் நான் உக்காரறேன்." ஆம்பளைக்கு இவ்வளவு பயமா என்று திட்டிக்கொண்டே ஞானாம்பாள் நாற்காலியில் ஏறினாள். ஈறைச் சுத்தம் செய்ய நான்கு முறை வரவேண்டும் என்றார்கள். நான்கு முறையும் அவருக்கு மாதிரி காட்டினாள், பாவம். ஒன்றரை ஷிப்டை நிறுத்தியதுதான் உச்சம். "நேரத்துல தூங்கோணும்னு டாக்டரு சொன்னாரு. நீ ஊட்டுல இல்லீன்னா எனக்குத் தூக்கமே வரமாட்டீங்குது" என்று ஒருநாள் மெல்லச் சொன்னார். "இந்த வயசுல பேச்சப் பாரு!" என்று அவர் தோளில் அடித்தாள். மறுநாள் முதல் பொழுது சாய்ந்ததும் வீட்டில் இருந்தாள்.

எல்லாம் சரி, ஆனால் நாச்சிமுத்துவின் வயிறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. நாளெல்லாம் நீராவியில் நிற்கிற ஒல்லி உடம்பு அது. கம்பும் கொள்ளும் மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். பக்கத்து அயர்ன் டேபிள் மாதவன் தேனிப் பக்கத்துக்காரன், இளகிய மனசு. "என்னண்ணே, கண்ணு உள்ள போயிருச்சு, வாங்கண்ணே" என்று ஒருநாள் பேக்கரிக்கு இழுத்துப் போனான். தேன் கேக் ஒன்று. நோயில்லாத மனுஷன்தானே, தின்றால் என்ன என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார். மறுநாள் இரண்டு. அப்புறம் தேங்காய் பன், பப்ஸ், டீயில் சர்க்கரை தூக்கலாக. மனைவிக்காகத் தியாகம் செய்கிற கணவன் என்ற நினைப்பு வேறு; தியாகிக்குப் பசி அதிகம். திருட்டுத் தீனி நல்ல ருசி என்பதை அந்த ஆறு மாதத்தில் ஆராய்ந்து தெரிந்துகொண்டார்.

ஆறு மாதம் கழித்து டாக்டரின் கிளினிக்குக்குப் போகவேண்டி வந்தது. நாச்சிமுத்து எத்தனையோ சாக்கு சொன்னார். ஞானாம்பாள் விடவில்லை. "நான் பட்ட பாட்டுக்குப் பலன் என்னன்னு பாக்கோணுமுங்க." முன்னதாகவே இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாயிற்று. நடந்தே போனாள், கிளினிக் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினாள். ஏறிவிட்டு, "இந்தப் படிய ஒழுங்காக் கட்டியிருக்கறாங்க" என்றாள்.

இரண்டு பேரையும் மெஷினில் படுக்கவைத்துப் பார்த்த டாக்டர் ஜெபக்குமார் முகமெல்லாம் சிரிப்பாக ஞானாம்பாளைப் பார்த்தார். "ரொம்ப நல்லா கொறச்சிருக்கீய அம்மா! சுகர் எறங்கிட்டு. அழற்சி பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு. குழாய் வயசும் அஞ்சாறு வருசம் பின்னால போயிருக்கு." பிறகு நாச்சிமுத்து பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டது. "அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன ஆச்சு? அன்னைக்கு நல்லாத்தான இருந்தீய? சுகர் எல்லைக்கோட்டத் தொட்டுட்டு, கொழுப்பு தாறுமாறா ஏறியிருக்கு. ஒல்லியா இருந்தா ஒண்ணும் வராதுன்னு நெனச்சியளா? அம்மாவுக்கு வச்ச பத்தியத்துல நீங்களும் கொஞ்சம் சாப்பிட்டிருக்கலாம்லா?"

ஞானாம்பாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பத்தியம் இவுருக்குங்க."

"இல்லம்மா, ஒங்களுக்கு. அண்ணாச்சி சொல்லலியா?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். மடிப்புக்குள் ஓட்டையைத் தள்ளிய அந்தச் செக்கரின் முகம் அவருக்கு நினைவு வந்தது. இவள் கத்தினால் தேவலை என்று வேண்டிக்கொண்டார். அவள் கத்தவில்லை.

"டாக்டர், நானு ஆல்டருங்களா, ரிஜெக்டுங்களா?" என்று கேட்டாள். குரல் சின்னதாக இருந்தது. அப்படியொரு குரல் அவளிடம் இருப்பதே நாச்சிமுத்துவுக்கு அன்றுதான் தெரியும்.

டாக்டர் விழித்தார். நாச்சிமுத்துதான் தலை நிமிராமல் மூன்று குவியல்களையும் விளக்கினார். டாக்டர் உடனே தேற்றிவிடாமல் சற்று யோசித்தார். அது ஞானாம்பாளுக்குப் பிடித்திருந்தது. "ஆல்டர்தாம்மா. வெறச்சது எல்லாமும் திரும்பாது, புதுப் பீஸ் ஆவ முடியாது. ஆனா சூட்ட அணைச்சிட்டீய. இப்படியே போனா ரொம்ப நாள் ஓடும். அண்ணாச்சியும் ஆல்டர்தான், இப்பவே விழிச்சுக்கிட்டா."

வெளியே வந்து அவள் முன்னால் நடந்தாள். வழியில் சாக்கடை மூடி உடைந்து கிடந்தது, அதைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. நாச்சிமுத்துவை அதுதான் கலங்கடித்தது. பேக்கரியைத் தாண்டிவிட்டால் போதும் முருகா என்று அடி எடுத்து வைத்தபோது, கல்லாவிலிருந்து பேக்கரிக்காரர் அன்பொழுகக் குரல் கொடுத்தார். "அண்ணா, எப்பவும் போல ரெண்டு தேன் கேக்குங்களா?"

முருகன் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

ஞானாம்பாள் நின்றாள். திரும்பினாள். கைப்பையைத் திறந்து சிவப்பு அம்புத் தாளை எடுத்தாள். ஒன்றை உரித்து, நடுத்தெருவில், அவர் சட்டைப் பாக்கெட் மேல் ஒட்டினாள். நெஞ்சைக் காட்டுகிற மாதிரி நேராக, விரலால் ஒருமுறை அழுத்தி.

"மறைச்ச செக்கர நான் என்ன பண்ணுவேன்னு தெரியுமுங்களா?"

"தெரியும் புள்ள. கணக்கு முடிச்சு அனுப்பிருவே."

"ஏனுங்க மறைச்சீங்க?"

"சொன்னா நீ கேக்க மாட்டே. கேக்கலீன்னா செத்துப் போயிருவே. எனக்குப் பயமா இருந்துச்சு." சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேக்கரி வாசலில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

ஞானாம்பாள் தாளை அவரிடம் நீட்டினாள். "எனக்கும் ஒண்ணு ஒட்டுங்க மாமா."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் தாளை ஆட்டினாள். நாச்சிமுத்து ஓர் அம்பை உரித்தார். பெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரலில் அது ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒருவழியாக அவள் சேலைத் தோளில் கொண்டுபோய் ஒட்டினார். யாரும் அவள் மேல் அம்பு ஒட்டி ஊர் பார்த்ததில்லை. அவள் குனிந்து பார்த்தாள். அம்பு நெஞ்சைக் காட்டாமல், ஒரு பக்கம் சாய்ந்து, பேக்கரியைக் காட்டிக்கொண்டிருந்தது.

"கோணலா ஒட்டியிருக்கீங்க" என்றாள்.

நாச்சிமுத்து அவசர அவசரமாக அதை உரிக்கக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமல், வீட்டுப் பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு, அவர் பக்கம் பார்க்காமலேயே சொன்னாள்.

"போகுது உடுங்க. பாஸ்."